பெண்ணிடம் ஒரு கேள்வி

மாப்பிள்ளைப் பையன் வந்து ரொம்ப நேரமாகிறது. சோபாவின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து போனையே நோண்டிக்கொண்டிருந்தான்.

மறு ஓரத்தில் மகள். அவள் மடியிலும் போன். அது எப்போதும் உள்ளதுதான்.

சமையலறை வாசலில் அப்பா பொருமினார்.

“பொண்ணு பார்க்க வந்தானா, போன் பார்க்க வந்தானா?”

“மெதுவா பேசுங்க. லிஃப்ட் மெக்கானிக்காச்சே. எங்கயாவது யாராவது மாட்டிக்கிட்டிருப்பாங்க” என்றாள் அம்மா. காலையிலிருந்து அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இந்த இடமாவது அமைய வேண்டுமே!

அப்பா போய் எதிரே உட்கார்ந்தார்.

“தம்பி, பொண்ணுக்கு ஆட்டிசம்னு முன்னாடியே சொல்லிட்டோம். எதையும் மறைக்கல. அவளைப் பத்தி என்ன வேணுமோ தாராளமா கேளுங்க.”

“உங்ககிட்ட கேக்க ஒண்ணுமில்ல சார்.”

தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அப்பாவுக்குச் சுருக்கென்றது.

இதற்கு முன் வந்தவர்களாவது மரியாதையாக எல்லாம் விசாரித்தார்கள். சமைப்பாளா, கோபம் வருமா, நாலு பேர் முன்னால் சமாளிப்பாளா என்று. மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அம்மா சளைக்காமல் பதில் சொன்னாள். அப்புறம் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை, அது வேறு விஷயம்.

இப்போதும் அம்மா விடவில்லை.

“சட்டுனு பேச வராதே தவிர, எல்லாம் புரியும் தம்பி. சத்தம்தான் ஆகாது. நீலக் கலர்னா உயிர்...”

“இல்லங்க, பச்சை” என்றான் அவன், போனைப் பார்த்தபடியே.

அப்பா எழுந்துவிட்டார்.

“பெத்தவங்களுக்கே பாடமா? போதும் தம்பி, நீங்க கிளம்புங்க!”

“அப்பா, வேணாம்!”

மகள் துள்ளி எழுந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. சந்தோஷம் தாங்காதபோது செய்வதுபோல் இரண்டு கைகளையும் படபடவென்று உதறினாள். மேலே சொல்ல வார்த்தை வரவில்லை.

“அவ என்ன சொல்ல வர்றான்னா...” என்று அம்மா ஆரம்பித்தாள்.

மகள் கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள். தன் போனை அப்பாவிடம் நீட்டினாள்.

அத்தனையும் இங்கே உட்கார்ந்தபடியே அவனோடு பேசியது! ‘பேசுறது வசதியா, இப்படி டைப் பண்றது வசதியா?’ என்று அவன் ஆரம்பித்திருந்தான். ‘இதுதான்’ என்று இவள். பிறகு வேலை, பயம், சினிமா, பிடித்த கலர், தனிக்குடித்தனம். நடுவில் விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மைகள் வேறு.

அப்பா விரலால் தள்ளத் தள்ள அது முடியவேயில்லை.

“இதுதான் சௌகரியம்னு அவங்க சொன்னாங்க சார். அதான்...” என்று அவன் இழுத்தான்.

மகள் போனைத் திரும்ப வாங்கிப் பரபரவென்று எதையோ தட்டினாள். அப்பாவின் சட்டைப்பையில் மணி அடித்தது. எடுத்துப் படித்தார்.

‘அப்பா, எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு! வந்தவங்க எல்லாரும் என்னைப் பத்தி உங்ககிட்ட கேட்டாங்க. நீங்களும் என்னைக் கேக்காமலே பதில் சொன்னீங்க. இவர் என்கிட்ட கேட்டார்.’