தூங்குமூஞ்சி

"யோவ், நிறைமாசக்காரி நின்னுகினு வர்றா. நீ பாட்டுக்குத் தூங்கினுகீறியே, கண்ணு அவிஞ்சா பூட்சு?"

கங்கம்மாள் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. திரும்ப வேண்டியவன் மட்டும் திரும்பவில்லை. டிரைவருக்குப் பின்னால் இருந்த ஒற்றை சீட்டில், ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான்.

அவன் மேல் அவளுக்குப் படப்பையிலிருந்தே கோபம். கீரைக்கூடையோடு அவள் வருவதற்குள், வண்டி நிற்கும் முன்பே ஓடிவந்து ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டான். வண்டியிலேயே குலுங்காத சீட்டு அது ஒன்றுதான். கங்கம்மாளுக்கு எதிர்ப்பக்க சீட்டுதான் கிடைத்தது.

1991 ஐப்பசி மழை, ரோட்டில் பாதியைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. ஒரகடம் கூட்ரோட்டில் அந்தப் பெண் ஏறினாள். கையில் மஞ்சப்பை, மூச்சு முட்டும் வயிறு. கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவன் பக்கத்திலேயே போய் நின்றாள். இவனோ குறட்டை.

"உன் பேரு இன்னா கண்ணு?"

"ஏலவார்குழலிக்கா."

"எத்தினியாவது?"

"தலைச்சன்."

"அவனை எழுப்பு. எழுந்து இடம் குடுக்கச் சொல்லு."

"வேணாங்கா, பரவால்ல. பாவம், தூங்கட்டும்."

"இவ ஒருத்தி! இப்டி வாயில்லாப் பூச்சியா இருந்தா புள்ளைய எப்டி வளப்பே?"

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. குழலி ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு தள்ளாடினாள்.

"பாத்துப் பாத்து!" என்று நாலு பேர் குரல் கொடுத்தார்கள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர், "இந்தக் காலத்துப் பசங்களே இப்படித்தாம்மா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். கண்டக்டர், "யாருப்பா அது, கொஞ்சம் எழுந்து குடுங்கப்பா" என்று பொதுவாகச் சொன்னார்.

கங்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை. உட்கார்ந்தபடியே கையை எட்டி அவன் தோளில் ஒரு குத்து விட்டாள்.

"அக்கா, வேணாம்!" என்றாள் குழலி. அதற்குள் அவன் பதறி விழித்துவிட்டான்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். நின்றுகொண்டிருந்தவளைப் பார்த்தான். முகம் செத்துப்போனது. துள்ளி எழுந்து ஒதுங்கி நின்றான். குழலி உட்கார்ந்தாள்.

"இப்பத்தான் பொழுது வுடிஞ்சுதா தொரைக்கு?" கங்கம்மாள் விடவில்லை. "குத்தினாத்தான் எழுந்திருப்பியா? உன் பொண்டாட்டி இப்டி மாசமா நின்னுகினு வந்தா, பாத்துகினு இருப்பியா நீ?"

"இருக்க மாட்டேம்மா" என்றான் அவன், தலையைக் குனிந்துகொண்டு.

"பொண்டாட்டின்னா மட்டும் உருகும்! ஊரான் பொண்ணுன்னா தூக்கம் வருமா?"

பஸ்ஸில் பாதிப்பேர் சிரித்தார்கள். குழலி முந்தானையால் வாயை அழுத்திப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"பாரு, அதும் கண்ணுல தண்ணிய வரவெச்சுட்டே!"

அவன் பின்பக்கம் நகர்ந்து போனான். ஸ்ரீபெரும்புதூர் வரும்வரை கங்கம்மாள் வாய் ஓயவில்லை.

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் கூடையோடு இறங்கினாள். பின்னாலேயே குழலி, ஒவ்வொரு படியாகக் காலை வைத்தாள். அதற்குள் பின்வாசலில் குதித்த அந்தத் தூங்குமூஞ்சி ஓடிவந்து, குழலியின் கையைப் பிடித்தான்.

"டேய்! யாரு கையைப் புடிக்கிறே?" கங்கம்மாள் கூடையைத் தரையில் வைத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"அய்யோ அக்கா!" என்று குழலி குறுக்கே வந்தாள். இப்போது அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இவரு என் வூட்டுக்காரருக்கா. பேரு ஜெகநாதன்."

"இன்னாது?"

"போன மாசம் செக்கப்புக்கு நின்னுகினே வந்து, இதே ஆஸ்பத்திரி வாசல்ல மயங்கி வுழுந்துட்டேன். அன்னிலருந்து இவருக்குப் பயம். கம்பெனி எங்க வூட்டுக்குப் பக்கத்துலதான். நைட் ஷிஃப்ட்டு வுட்டதும் எதிர் பஸ்ஸைப் புடிச்சுப் படப்பை போனாரு. அங்கதான் காலி வண்டி கெடைக்குமாம். எனக்கு சீட்டு புடிச்சுகினு வந்தாரு. அசதியில கண்ணு அசந்துட்டாரு. எழுப்ப எனக்கு மனசு வரலக்கா."

கங்கம்மாளுக்குக் கூடையை எடுக்கத் தோன்றவில்லை. ஒரகடத்திலிருந்து அத்தனை பேச்சு பேசினாளே, தன் சீட்டை விட்டு அவள் எழுந்திருக்கவே இல்லை. அது இப்போதுதான் உறைத்தது. அந்தப் பேப்பர் பெரியவரும் எழுந்திருக்கவில்லை. யாருமே எழுந்திருக்கவில்லை.

குரல் இறங்கிப்போய்க் கேட்டாள்.

"அவதான் சொல்லல. உனுக்கு வாயில்ல? அத்தினி பேரு முன்னாடி நாறடிச்சேனே, 'நான்தாம்மா இவ புருஷன்'னு ஒரு வார்த்தை சொன்னா நான் அடங்கியிருக்க மாட்டனா?"

ஜெகநாதன் கூடையைத் தூக்கி அவள் தலையில் வைத்தான்.

"மத்தவங்கல்லாம் சும்மா குந்தியிருந்தாங்க. நீ ஒருத்திதான் என் பொண்டாட்டிக்காக சண்டை போட்டே. அத்தினி பேரு முன்னாடி உன் மூஞ்சி சுண்டிப்போறதைப் பாக்கச் சொல்றியாம்மா?"