வெளிநாட்டுச் சொந்தம்

"நூர் முகமது வீடு எதுங்க?"

பைக்கில் வந்தவரின் ஒட்ட வெட்டிய முடியையும் கையிலிருந்த ஃபைலையும் பார்த்ததுமே திருமலைக்குப் புரிந்துவிட்டது. போலீஸ்!

திருமலையின் மகன் ராஜ்குமாரும் பக்கத்து வீட்டுத் தக்காளி மண்டிக்காரர் நூர் முகமதுவின் மகன் சல்மானும் ஒரே பரீட்சை எழுதி, பெங்களூரில் ராணுவத்துக்குக் கருவி செய்யும் அரசு வேலைக்குத் தேர்வாகியிருந்தார்கள். போலீஸ் விசாரித்து நல்லபடியாக எழுதினால்தான் ஆர்டர் கைக்கு வரும்.

தக்காளி மண்டிக்காரன் மகனும் தன் மகனும் ஒரே ஆபீஸிலா? அந்த வயிற்றெரிச்சலில் மனுஷனுக்குச் சோறே இறங்கவில்லை.

"பக்கத்து வீடுதாங்க. அதுக்கென்ன அவசரம், ஒரு வாய் காபி சாப்பிட்டுட்டுப் போலாம், வாங்க சார்!"

தனிப்பிரிவு ஏட்டு மாரிசாமி சோபாவில் உட்கார்ந்ததுதான் தாமதம், திருமலைக்கு நாட்டுப்பற்று பொங்கிவிட்டது.

"சல்மான் விஷயமாத்தானே? நான் சொன்னேன்னு வெளிய தெரிய வேணாம். அவனோட அத்தை துபாய்ல இருக்குது. தினமும் போன்தான்! வெளிநாட்டுல சொந்தம் வெச்சிருக்கிறவனுக்கு நாட்டு மேல எங்கிருந்து சார் பக்தி வரும்? இவனையெல்லாம் ராணுவ வேலைக்குள்ள விடலாமா?"

ஏட்டு காபியை உறிஞ்சினார். சுவரிலிருந்த போட்டோவில், கொட்டும் பனியில் ஒருவன் கோட்டு போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இது யாருங்க?"

திருமலைக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "நம்ம பெரியவன் சார்! கனடா! போன வருஷம் அந்த நாட்டுக் குடியுரிமையே வாங்கிட்டான். நம்ம ஊரு மத்திகிரிப் புழுதியில மனுஷன் இருப்பானான்னு கேக்கிறான். சின்னவன்கிட்டயும், ரெண்டு வருஷம் கவர்மென்ட் வேலையில அனுபவம் வாங்கிக்கோ, அப்புறம் இங்க இழுத்துக்கிறேன்னு சொல்லியிருக்கான்!"

"அப்படிங்களா!" ஏட்டு டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "காபி பிரமாதம்."

"அந்த சல்மான் விஷயம்..."

"அதைப் பார்க்கிறது வேற ஏட்டுங்க. நான் வந்தது உங்க ராஜ்குமாரைப் பத்தி விசாரிக்க. முதல்ல அக்கம்பக்கத்துலதான் கேப்போம். அதான் நூர் முகமது வீடு எதுன்னு கேட்டேன்."

திருமலை பின்னாலேயே வாசல் வரை ஓடினார். "சார்... பெரியவன் ஏதோ விளையாட்டுக்குச் சொன்னதுங்க..."

ஏட்டு அதற்குள் பக்கத்து வீட்டு கேட்டைத் திறந்துவிட்டார்.

போச்சு! தான் பேசினதில் கால்வாசி அந்த நூர் முகமது பேசினாலும் ராஜ்குமார் கதி அதோகதிதான். திருமலை காம்பவுண்டுச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றார்.

"ராஜ்குமாரா? தங்கமான புள்ளைங்க" என்றது நூர் முகமதுவின் குரல். "கண்ணை மூடிட்டு எழுதிக்கிங்க."

"அண்ணன் கனடாக்காரனாவே ஆயிட்டானாமே?"

"பெரியவன் பொழைக்கப் போனதுக்கு இந்தப் புள்ள என்னங்க பண்ணும்?"

"சரி, அவங்கப்பா எப்படி?"

"திருமலை அண்ணனா? அடுத்தவங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசத் தெரியாத மனுஷன் சார்!"