ஆளில்லாத ரூம்

ஒரு வீட்டில் ஒரு சீலிங் ஃபேன் இருந்தது. வீட்டுக்காரர் தணிகாசலத்தின் வாயில் நாள் முழுக்க ஒரே பேச்சுதான்: "ஆளில்லாத ரூம்ல எதுக்கு ஓடுது? ஆஃப் பண்ணு!" அந்தக் குரலுக்கு டிவியும் லைட்டும் நடுங்கும். ஃபேன் மட்டும் அலட்டிக்கொள்ளாது. நிறுத்தினால் என்ன, மறுபடி போடத்தானே போகிறார்கள்!

அவர் படுத்த படுக்கையானதும், கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஒன்று வந்து உட்கார்ந்தது. ஒரு மத்தியானம் மகள் பக்கத்தில் நின்ற தாய்மாமனிடம் விசும்பினாள்: "அப்பா போயிட்டாரு மாமா. மெஷினை ஆஃப் பண்ணிடுங்க."

"பயப்படாதே, மறுபடி போடுவாங்க" என்று ஃபேன் மெஷினுக்கு ஆறுதல் சொன்னது.

"என்னைப் போடுவாங்க. அவரை?" என்று கேட்டுவிட்டு மெஷின் அடங்கியது.

அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வீட்டுப் பெண்களும் அழுதுகொண்டே தெருமுனைவரை பின்னால் போனார்கள். ஃபேனை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. வெறும் கட்டிலுக்குக் காற்று வீசிக்கொண்டே அது சுற்றியது. வாழ்நாளில் முதல்முறையாக அதற்குப் பயமாக இருந்தது.

"யாராச்சும் வந்து ஆஃப் பண்ணுங்களேன்" என்று முனகியது.

கட்டில் கிரீச்சிட்டது. வெறுங்காலடி ஒன்று சுவர்வரை மெல்ல நடந்தது. 'டக்'கென்று சுவிட்ச் விழுந்தது.

அறையில் ஆள் யாரும் இல்லை.