ஒற்றைக்கால் கிளி

கோமதிக்கு வயது இருபத்துமூன்று; வயிற்றில் ஒன்பதாம் மாதம். பிறக்கப்போகும் பிள்ளைக்குத் துண்டுத்துணிப் போர்வை தைக்க, தன் சின்ன வயதுக் கவுன்களை மூட்டையாகக் கட்டி மாமன் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். அம்மா பேச்சியம்மாளும் கூட வந்தாள். மாமன் பெண்டாட்டி வடிவு எட்டுச் சதுரங்களைச் சுற்றிலும் இணைத்துவிட்டு, நடுச்சதுரத்துக்காக மூட்டையின் அடியில் கைவிட்டாள். மஞ்சள் கவுன் ஒன்று வந்தது. நெஞ்சில் பச்சை நூல் கிளி. நூல் தீர்ந்துபோனதால் அதற்கு ஒற்றைக்கால்தான்.

அது வடிவு தைத்தது. இருபத்துமூன்று வருடத்துக்கு முன்னால், தன் வயிற்றில் இருந்த பிள்ளைக்கு. பிறக்கும் முன்னே உடுப்பு தைத்தால் ஆகாது என்று எல்லாரும் தடுத்தும் தைத்தாள். குழந்தை இறந்தே பிறந்ததென்றும், மயக்கம் தெளிவதற்குள் அந்தக் கவுனைப் போட்டே புதைத்தாகிவிட்டதென்றும் பேச்சியம்மாள்தான் சொன்னாள். தன் ஊசிதான் பிள்ளையைக் கொன்றது என்று வடிவு இத்தனை வருடமும் நம்பியிருந்தாள்; உடுப்பு இல்லை, போர்வைதானே என்றுதான் இதற்கே ஊசி எடுத்தாள்.

வளர வளர இறக்கிவிடலாம் என்று அன்று கவுனின் ஓரத்தை அகலமாக மடித்துத் தைத்திருந்தாள். இப்போது மடிப்பு இல்லை. வெளுத்த கோடுகள் இரண்டு இருந்தன. இரண்டு தடவை இறக்கியிருக்கிறார்கள்.

"அந்தக் கிளிதான் அத்த நடுவுல வரணும்" என்றாள் கோமதி.

வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் நிமிர்ந்தாள். "ஏட்டி, இத எங்க இருந்து எடுத்த? பெட்டிக்கு அடியிலல்லா வச்சிருந்தேன்."

வடிவு கவுனின் ஓரத்தை முதலில் கீழ்க்கோட்டில் மடித்தாள். பிறகு மேல்கோட்டில். கவுன் பிறந்த பிள்ளையின் அளவுக்கு வந்தது.