சம்மந்தி போட்ட நிபந்தனை

“ஒரே ஒரு விஷயம்தான் சம்மந்தி. நீங்க ஒரு சுகர் டெஸ்ட் எடுத்து, ரிப்போர்ட்டை எங்களுக்குக் காட்டிடுங்க. அப்புறம் நிக்காஹ் தேதியைக் குறிச்சிடலாம்.”

ஸ்ரீரங்கத்திலிருந்து பெண்ணின் அப்பா பரக்கத் அலி போனில் இப்படிச் சொன்னபோது தாஜுதீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிசைந்த சோறு தட்டிலேயே கிடந்தது.

சீர் செனத்தி எதுவும் வேண்டாம், பெண்ணை மட்டும் அனுப்புங்கள் என்று பெருந்தன்மையாகப் பேசி முடித்துவிட்டு வந்தவர் அவர். மலைக்கோட்டை அடிவாரத்தில் பாத்திரக்கடை. கடைவீதியில் நல்ல மரியாதை. அவரிடம் போய், ரத்தத்தைக் காட்டு என்கிறார்கள் பெண் வீட்டார்.

“கட்டிக்கப் போறவன் அனீஸ். அவன் ரத்தத்தைக் கேட்டாலாவது ஒரு நியாயம் இருக்கு. என் ரத்தம் இவங்களுக்கு எதுக்கு?” என்று மனைவியிடம் பொரிந்தார்.

நாளைக்கு அவங்க பொண்ணுதானே உங்களைப் பார்த்துக்கணும், அந்தப் பயமாயிருக்கும் என்றாள் ஷஹனாஸ், குழம்புச் சட்டியை மூடியபடி.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போலிருந்தது. இந்தச் சம்மந்தமே வேண்டாம் என்றார் தாஜுதீன். மகன் அனீஸ் பாதிச் சாப்பாட்டில் தட்டை ஒதுக்கினான். எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான்.

“வேணாம்னா விட்டுடலாங்க. மனுஷன் சீக்காளி, அதான் பயந்துட்டாருன்னு ஸ்ரீரங்கம் பூரா பேசுவாங்க. பேசிட்டுப் போகட்டும்” என்றாள் ஷஹனாஸ்.

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. காரணம், உண்மை அவருக்கே தெரியும்.

எப்போதும் நாக்கு வறண்டது. பாதம் எரிந்தது. இடது பெருவிரலில் செருப்பு கடித்த புண், ரம்ஜானுக்கு முன்னால் வந்தது, பக்ரீத் போயும் ஆறவில்லை. சாக்ஸ் போட்டு மறைத்துக்கொண்டார். வலிக்கவில்லையே, பெரிதாக ஒன்றும் இருக்காது என்று சமாதானம். ஷஹனாஸும் டாக்டரிடம் போகச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

போகாததற்கு அவர் ஒரு காரணம் வைத்திருந்தார். சர்க்கரை என்று ஒருதரம் காகிதத்தில் ஏறிவிட்டால் மெடிக்கல் இன்சூரன்ஸ் தரமாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆகவே முதலில் இன்சூரன்ஸ், பிறகுதான் டெஸ்ட். ஆனால் அதற்கென்று ஒதுக்கும் பணம் ஒவ்வொரு தீபாவளிக்கும் சரக்குப் பிடிக்கப் போய்விடும். இன்சூரன்ஸும் எடுக்கவில்லை, டெஸ்ட்டும் எடுக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் சர்க்கரையில் காலை இழந்து, வைத்தியத்துக்குக் கடையையும் விற்றதைப் பார்த்த பிறகு, ஆஸ்பத்திரி இருக்கும் தெருப்பக்கம்கூட அவர் போவதில்லை.

இப்போது வீம்பு பயத்தை ஜெயித்தது. மறுநாள் வெறும் வயிற்றோடு லேபுக்குப் போய்க் கையை நீட்டினார்.

ரிப்போர்ட்டைக் கொடுத்த பெண் அவர் முகத்தைப் பார்க்காமலே, உடனே ஒரு டாக்டரைப் பாருங்க சார் என்றாள். தனியாரிடம் போனால் செலவு எங்கே கொண்டுபோய் விடுமோ என்று அவருக்குத் தைரியமில்லை. ஷஹனாஸ்தான் புத்தூர் அரசு பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

டாக்டர் சாக்ஸைக் கழற்றச் சொன்னார். புண்ணைச் சுற்றிக் குச்சியால் தொட்டுத் தொட்டு, தெரியுதா, தெரியுதா என்று கேட்டார். தாஜுதீனுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

“வலிக்கலைங்கறதுதான் இதுல ஆபத்து. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா விரலை எடுத்திருக்கணும். விரலோட நின்னிருக்கும்னும் சொல்ல முடியாது. நல்லவேளை வந்துட்டீங்க, காப்பாத்திடலாம்.”

தாஜுதீன் குனிந்து தன் விரலையே பார்த்தார்.

சில நாள் அங்கேயே படுக்க வைத்துப் புண்ணைச் சுத்தம் செய்தார்கள். கண்ணைப் பார்த்தார்கள், கிட்னியைப் பார்த்தார்கள். இரண்டும் தப்பித்திருந்தன. ஊசியும் மாத்திரையும் காசு வாங்காமல் அங்கேயே கொடுத்தார்கள். இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இந்த வாசலை மிதிக்கவா இத்தனை வருஷம் நடுங்கினோம் என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

புண் மெல்ல மெல்ல மூடியது. புதுத் தோல் ஏறிய விரலை அவரே காலையில் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டார். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் தானாக முணுமுணுத்தது.

இனி ஒன்றுதான் பாக்கி. ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறினார். சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தால் பெண் தரமாட்டார்கள். வழியெல்லாம் மகன் முகம் நினைவுக்கு வந்தது. ஆனாலும் பொய் சொல்லி மருமகளைக் கூட்டிவர அவருக்கு மனசில்லை.

பரக்கத் அலி வாசலுக்கே வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

“எனக்குச் சர்க்கரை இருக்கு. ரொம்ப நாளா இருந்திருக்கு. கால் போக இருந்தது, தப்பிச்சுது. மறைக்க விரும்பலை” என்று சொல்லி ரிப்போர்ட்டை நீட்டினார் தாஜுதீன்.

பரக்கத் அலி அதை வாங்கிப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார். சர்க்கரை போடாத டீ கொண்டுவரும்படி உள்ளே குரல் கொடுத்துவிட்டு, வர்ற மாசமே நிக்காஹை வச்சுக்கலாமா என்று கேட்டார்.

தாஜுதீனுக்கு ஒன்றும் புரியவில்லை. “இதைப் பார்க்கவே வேண்டாம்னா, அன்னிக்கு ஏங்க அவ்வளவு கறாராக் கேட்டீங்க? நான் உங்களை மனசுக்குள்ள எவ்வளவு திட்டினேன் தெரியுமா?”

பரக்கத் அலி சங்கடமாகச் சிரித்தார்.

“கெட்ட பேரை நாங்க ஏத்துக்கிட்டோம், அவ்வளவுதான் சம்மந்தி. அப்படிக் கேக்கச் சொன்னது உங்க வீட்டம்மா.”