சரவெடியின் கடிகாரம்

கடிகாரம் பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

குறையே இல்லாத பொருளைப் பற்றி எழுதுவது போன்ற தொல்லை வேறில்லை. எந்த அலுவலகத்திலும் சேராமல், இன்று ஒரு கைபேசி, நாளை ஒரு ஹெட்போன், அடுத்து ஒரு வீடியோ கேம் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் விமர்சனம் எழுதிப் பிழைக்கிறவன் அவன். ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதினால் ஒருவரும் படிப்பதில்லை.

‘குறைகள்’ என்ற தலைப்பின் கீழ் வேகமாகத் தட்டினான்: ‘சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பைக் கன்னாபின்னாவென்று ஏற்றிக் காட்டுகிறது.’

கட்டுரை இன்று மாலைக்குள் போயாக வேண்டும். கூடவே ஒரு கேமின் விமர்சன வீடியோவும். இரண்டையும் ஒரே வாரத்தில் ஒப்புக்கொண்டது அவன் பேராசை. மேசைக்கு அடியில் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. எழுந்தான், ஜன்னலைத் திறந்தான், மூடினான், மறுபடி உட்கார்ந்தான். இருப்புக் கொள்ளவில்லை.

கட்டுரை கேட்டிருந்த இணையதளத்தின் ஆசிரியர் செய்தி அனுப்பியிருந்தார். குற்றம் சொன்னால் மட்டும் போதாதாம், ஆதாரம் வேண்டுமாம், கடிகாரக் கம்பெனி சும்மா விடாதாம்.

ஆதாரம்தானே? அது சமையலறையில் இருக்கிறது.

நாள் முழுக்க நாற்காலியை விட்டு நகராதவன் கையில் கட்டினால் உடற்பயிற்சிக் கடிகாரம் எதைத்தான் அளக்கும்? அதனால் எது வந்தாலும் மனைவி கையில் கட்டிவிடுவான். படி ஏறுவதும் கடைக்குப் போவதும் துணி காயப்போடுவதும் அவள். எண்கள் வந்து விழுவது இவன் கைபேசியில். கட்டுரையில் மட்டும் ‘நான் நடந்தேன்’ என்று இருக்கும். தொழிலில் இதெல்லாம் சகஜம்.

கைபேசியில் நேற்றைய துடிப்பைக் காட்டும் வரைகோட்டை அவளிடம் நீட்டி, சாயங்காலம் இந்த இடத்தில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டான். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“சும்மாதாங்க உக்காந்திருந்தேன். துணி மடிச்சிட்டு.”

இதைவிட என்ன வேண்டும்? துணி மடிக்கிறவளுக்கு, மாடிக்கு ஓடியவளின் துடிப்பு. கம்பெனியைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷத்தில் அறைக்குத் திரும்பி, அடுத்த வேலையாக, நேற்று விளையாடிப் பதிவு செய்த கேம் வீடியோவைத் திறந்தான்.

கேமில் ஒரு பாலம். பாலத்தின் நடுவில் ஓர் அரக்கன். எத்தனை முறை போனாலும் தூக்கி ஆற்றில் எறிந்துவிடுகிறான். ஒவ்வொரு முறையும் இவன் அறை அதிரக் கத்தியிருந்தான், மேசையைக் குத்தியிருந்தான். அதையெல்லாம் வெட்டக் கூடாது. அதுதான் சரக்கே. இவன் கத்துவதைப் பார்க்கவென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் வைத்த பெயர்தான் ‘சரவெடி’. அந்தப் பெயரில்தான் வீடு ஓடுகிறது.

மனைவியை ஒருநாளும் ஒரு வார்த்தை அதட்டியதில்லை. கோபமெல்லாம் கேமோடு சரி. அவன் விளையாடும்போது அவளும் அந்தப் பக்கம் வரமாட்டாள். தேநீரைக்கூட வாசல் ஸ்டூலில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவாள். இப்படித் தொந்தரவு செய்யாத மனைவி கிடைப்பது கொடுப்பினை என்று நண்பர்களிடம் பெருமையடித்துக்கொள்வான்.

நல்ல கத்தல்களாகப் பொறுக்கி வரிசையாக வைத்தான். ஒவ்வொன்றின் கீழும் பதிவான நேரம் இருந்தது. பக்கத்தில் கைபேசி, துடிப்பின் கோட்டைக் காட்டியபடியே கிடந்தது.

முதல் கத்தலின் நேரத்தைச் சற்றுமுன் எங்கோ பார்த்த நினைவு.

கோட்டில் தேடினான். அங்கே ஓர் ஏற்றம்.

தற்செயலாக இருக்கும் என்று அடுத்ததைப் பார்த்தான். அதற்கும் ஏற்றம். மேசையைக் குத்திய இடத்தில் கோடு செங்குத்தாக எழும்பி, இறங்குவதற்கு வெகுநேரம் எடுத்திருந்தது. காலையில் அவள் வாளியோடு மாடி ஏறியபோதுகூட அவ்வளவு உயரம் இல்லை.

கடிகாரம் பொய் சொல்லவில்லை.

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டது. வெட்கமாக இருந்தது.

உடனே போய் அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று தெரியவில்லை, ஆனால் உடனே. கைபேசியைக் கையில் எடுத்தான். கோடு போய், அவளுடைய இந்த நிமிடத்துத் துடிப்பு திரையில் வந்தது. எழுபத்திரண்டு.

எழுந்தான். நாற்காலி தரையில் கிரீச்சிட்டது.

எண்பத்தொன்பது.

கூடத்தைக் கடந்தான். மெதுவாகத்தான் நடந்தான்.

நூற்று நான்கு.

சமையலறையில் அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி ஒரே சீராக ஏறி இறங்கியது. பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

தன்னால் முடிந்த மட்டும் குரலைத் தணித்து அவளைக் கூப்பிட்டான்.

எண் இன்னும் ஏறியது.

அவள் சிரித்த முகத்தோடு திரும்பினாள்.

“என்னங்க, ஜெயிச்சிட்டீங்களா?”