வலது கோடியில் ஒரு கேட்ச்

“ஒரே ஒரு கேட்ச் போதும்மா! சீசன் முழுக்க ஒரு பந்துகூட என் பக்கம் வரலை. இன்னைக்கு லாஸ்ட் கேம் வேற!”

காரின் பின்சீட்டில் ஷூ லேஸை இழுத்துக் கட்டிக்கொண்டே ஓவியா புலம்பினாள். பள்ளிக்கூடத்து சாஃப்ட்பால் அணியில் அவளுக்குக் கிடைத்தது மைதானத்தின் வலது கோடி. அந்தப் பக்கம் பந்து வருவதே அபூர்வம். ரவுண்ட் ராக் ஊரின் அந்த வருஷத்து வெயிலையெல்லாம் அவள் அங்கே சும்மா நின்றே வாங்கித் தீர்த்திருந்தாள்.

“மூணு வீடியோ கேசட் எடுத்துட்டேன். போட்டுப் பாத்தா புல்லு, புல்லு நடுவுல நீ,” என்றார் காரை ஓட்டிக்கொண்டிருந்த சேனாபதி. கோயமுத்தூரில் காலேஜ் டீமுக்கு கிரிக்கெட் ஆடியவர். மகளுக்குக் கேட்ச் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

“அப்பா, நாட் ஃபன்னி! அடுத்து காலேஜ். அங்க யாரு என்னை டீம்ல எடுப்பா? அம்மா, நீ முருகன்கிட்ட சொல்றியா இல்லியா?”

வசந்தாமணி மடியிலிருந்த மஞ்சள் துணி முடிச்சை இறுக்கிப் பிடித்தாள். “ஒவ்வொரு மேட்ச்சுக்கும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன் கண்ணு.”

பொய்யில்லை. சீசன் தொடங்கிய வாரம் மகள் அந்தப் பந்தைக் கையில் கொடுத்தபோது, “இதையா சாஃப்ட்டுங்கறீங்க? தேங்காயாட்டம் இருக்குது!” என்று மலைத்துப் போனவள், அன்றைக்கே பழைய வேட்டித் துணியை மஞ்சளில் நனைத்து, கால் டாலர் காசு ஒன்றை வைத்து, பழனி முருகனை நினைத்து முடிந்துவிட்டாள். ஓவியா மைதானத்தில் இறங்கினால் போதும். முடிச்சை நெஞ்சோடு அணைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருக்கும்.

அணியும் வரிசையாக ஜெயித்தது. பந்து வீசும் ஆஷ்லியின் கைவரிசை என்று ஊர் பேப்பரில் போட்டார்கள். அணிப் பெண்கள் அதை நம்பவில்லை. “மிஸஸ் சேனா, லக்கி பேக் ப்ளீஸ்!” என்று முடிச்சைத் தொட்டுவிட்டுத்தான் ஒவ்வொருத்தியும் இறங்குவாள். போன வாரம் கோச்சே தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து தொட்டுப் போனார்.

இன்றைக்கு ஜெயித்தால் டிஸ்ட்ரிக்ட் சாம்பியன். வசந்தாமணி முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடியவள்தான். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் யாரோ தோளை உலுக்கினார்கள்.

“அக்கா, கண்ணத் தொறங்க. பாப்கார்ன் கடையில நான் ஒத்த ஆளா கெடந்து சாவுதேன்!” ஆஷ்லியின் அம்மா கிருபாராணி. நாகர்கோவில்காரி. பெற்றோர்கள் முறைபோட்டு நடத்தும் கடை அது.

“ஐயோ கிருபா, நான் எந்திரிச்சுட்டா இங்க…”

“உங்க முருகன் தனியா பாத்துக்கிடுவாரு. தொணைக்கு எங்க இயேசு இருக்காருல்லா? வாங்கக்கா!”

முடிச்சு கைப்பைக்குள் போனது. கடையில் வரிசை பார்க்கிங் வரைக்கும் நின்றது. ஒருத்தனுக்கு வெண்ணெய் கூட வேண்டும், இன்னொருத்திக்கு உப்பே கூடாது. வசந்தாமணி மெஷினில் பொரிந்ததை அள்ளி அள்ளிப் பைகளில் கொட்டினாள். சாமி, பூதம் எல்லாம் மறந்தே போயிற்று.

‘டங்!’

மட்டையின் சத்தம். சேனாபதியின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. “ஓவியா! பின்னால போ! இன்னும் பின்னால! பந்தையே பாரு சாமி!”

வசந்தாமணி பாப்கார்ன் கரண்டியோடு வெளியே ஓடினாள்.

ஓவியாவின் அணிக்கு ஒரே ஒரு ரன்தான் முன்னிலை. எதிரணியில் இன்னும் ஒருத்தியை அவுட்டாக்கினால் கோப்பை. அடித்த பந்தோ வானத்தில் ஏறி, வலது கோடியைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது. வசந்தாமணியின் கை தானாக முடிச்சைத் தேடியது. கரண்டிதான் அகப்பட்டது.

ஓவியா பின்னாலேயே ஓடினாள். எம்பினாள். விழுந்தாள். புல்லில் ஒரு குட்டிக்கரணம் போட்டாள். பிறகு கையுறை மாட்டிய ஒரு கை மட்டும் மேலே எழுந்தது. அதற்குள் எலுமிச்சை நிறத்தில் பந்து!

பெண்கள் எல்லாரும் வலது கோடிக்கு ஓடி அவள் மேல் விழுந்தார்கள். சேனாபதி வீடியோ கேமராவைப் பெஞ்சில் போட்டுவிட்டு, பக்கத்திலிருந்த கௌபாய் தொப்பிக்காரரைக் கட்டிப்பிடித்து, “மை டாட்டர்! மை டாட்டர்!” என்று குதித்தார். முன்பின் தெரியாத அந்த மனிதரும் சேர்ந்து குதித்தார். கிருபாராணி கடையிலிருந்த பாப்கார்னையெல்லாம் ஊருக்கே இனாமாக வாரிக் கொடுத்தாள்.

திரும்பும்போது ஓவியா பின்சீட்டிலிருந்து எட்டி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கன்னமெல்லாம் புல்லும் மண்ணும்.

“அம்மா, முருகன் கேட்டுட்டார்! நெக்ஸ்ட் டைம் பழனிக்கு நானும் வர்றேன். மொட்டை மட்டும் நோ சான்ஸ்! இன்னைக்கு அப்படி என்ன ஸ்பெஷலா வேண்டிக்கிட்டே?”

வசந்தாமணி வெண்ணெய் மணக்கும் விரலால் மகளின் மூக்கைத் தடவிப் பார்த்தாள். நேராகத்தான் இருந்தது. பல்லும் எல்லாம் இருந்தன.

“அந்தக் கடைசிப் பந்து வர்றப்ப வேண்டிக்கவே இல்லை கண்ணு. பாப்கார்ன் அவசரத்துல மறந்தே போயிட்டேன்.”

“வாட்! அப்ப மத்த நேரமெல்லாம் என்னன்னு வேண்டிக்கிட்டே?”

வசந்தாமணி மஞ்சள் முடிச்சை எடுத்து மெதுவாக அவிழ்த்தாள்.

“‘அந்தப் பந்து எம்பொண்ணு இருக்கற பக்கம் எட்டிக்கூடப் பாக்கக் கூடாது முருகா’ன்னுதான்!”